பெரிய தூம்பாவின் அடிப்பலகை

1

எங்கள் ஊர்ப் பங்குக் கோவிலுக்கு நூற்றைம்பது வயது ஆகிறதாம். விழா மலர் போடுகிறார்கள். மலர்க் குழுத் தலைவர் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன் பீட்டர். நான் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பி, சேலை மடிப்புக்குப் பின் குத்திக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் போன் செய்தார்.

"ஸ்டெல்லா, 'சிங்கப்பூரில் நம் விசுவாசம்'னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு. பட்டுச்சேலை கட்டி ஒரு போட்டோ அனுப்பு. உருக்கமா இருக்கட்டும். உன் வாய்த்துடுக்கெல்லாம் அதுல வேணாம்."

"என்னண்ணே எழுதணும்?"

"வெளிநாடு போயும் நாம செபமாலையை விடல, பிள்ளைங்க தமிழை விடல, அப்படி. படிச்சா இங்க பொம்பளைங்க கண்ணு கலங்கணும்."

செபமாலையை நான் விடவில்லை என்பது சத்தியம். என் கைப்பையில் ரயில் அட்டைக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் அது பத்திரமாக இருக்கிறது. பிள்ளை தமிழை விடவில்லை என்பதுதான் கொஞ்சம் இடிக்கும். என் மகள் ரீனா வருஷத்துக்கு இரண்டு தடவை கோவிலுக்கு வருவாள், மாதத்துக்கு இரண்டு வாக்கியம் முழுத் தமிழில் பேசுவாள். அந்த இரண்டும் பெரும்பாலும் சோறு சம்பந்தப்பட்டவை.

இருபத்தாறு வருஷமாக இங்கே இருக்கிறேன். தோ பாயோவில் பதினோராம் மாடியில் வீடு. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் காகித வேலை. ஞாயிறு காலை தமிழ்ப் பூசை, அது முடிந்தால் தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் ஆட்டுக்கறியும். நான் பையோடு வெளியே வரும்போது துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து வரும் பேருந்துகள் நம் ஊர் ஆட்களை இறக்கிவிடத் தொடங்கியிருக்கும். சிராங்கூன் சாலை நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. இதைத்தான் அண்ணன் விசுவாச வாழ்வு என்கிறார். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மலரைக் கையில் வைத்திருக்கிற உங்களுக்கு அது தெரியும். இது மலரில் வராமல் வேறெங்காவது வந்தால், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். கொள்ளிடத்துக்கு வடக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

விஷயம் இந்தத் தவக்காலத்தில் ஆரம்பித்தது. இங்கே சிங்கப்பூரில் எங்கள் கோவிலில் தமிழ்ச் செபக்குழு ஒன்று உண்டு. முப்பது பேர் இருப்போம். நான் செயலாளர். செயலாளர் என்றால் தேநீருக்குச் சொல்ல வேண்டும், நாற்காலி போட வேண்டும், விண்ணப்பங்களைத் தமிழில் தட்டச்சு செய்து பூசையில் வாசிக்க வேண்டும். வாசிப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. குரல் அப்படி.

எங்கள் சாமியார் ஒரு நாள் சொன்னார், உலகம் முழுக்கத் திருச்சபை தன் பழைய தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்டு வருகிறது, நாமும் ஒரு மன்னிப்பு வழிபாடு வைப்போம் என்று. திருச்சபை செய்த ஒரு தவறை ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். பேர் போட வேண்டாம். காலி பிஸ்கட் டின் ஒன்று மேசை மேல் வந்து உட்கார்ந்தது.

அருளப்பன் சார் உடனே எழுந்துவிட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர்க்காரர்.

"ஃபாதர், என் தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். அவர் எந்த நாட்டைக் கொள்ளையடிச்சார்? யாரை எரிச்சார்? எவனோ வெள்ளைக்காரன் செஞ்சதுக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? நான் அப்ப பிறக்கவே இல்ல லா."

அந்தக் கடைசி 'லா' சிங்கப்பூர்ப் பேச்சு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பல தலைகள் ஆடின. என் தலையும் ஆடியது. அன்றைக்குப் பிரியாணி வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ரீனாவைக் கூட்டிப் போயிருந்தேன். பின் வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்தாள்.

"அங்கிள், இந்தச் சர்ச் ரொம்ப ஓல்டுன்னு எல்லா டூரிஸ்ட் கிட்டயும் ப்ரௌடா சொல்றீங்க. இது கட்டினப்பவும் நீங்க பிறக்கலயே? அழகான பில்டிங் மட்டும் 'நம்ம கோவில்', தப்பு பண்ணா மட்டும் 'எவனோ வெள்ளைக்காரன்'. ஹவ் கேன் லா?"

அருளப்பன் சார் என்னைப் பார்த்தார். பிள்ளையை வளர்த்த லட்சணம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்குக் காது சுட்டது. கூடவே உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஒளிப்பானேன்.

எப்படியோ எல்லோரும் எழுதிப் போட்டார்கள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் டின்னைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சிலுவைப் போர் எட்டுச் சீட்டில் இருந்தது. பூமி சுற்றுகிறது என்று சொன்ன விஞ்ஞானியைப் படுத்திய பாடு ஐந்தில். சூனியக்காரிகள் என்று பெண்களை எரித்தது, தென் அமெரிக்காவிலிருந்து தங்கத்தை அள்ளியது எல்லாம் இருந்தன. ஒரு புண்ணியவான் மட்டும் 'போன வருஷம் கோவில் ஏசியை ரிப்பேர் பார்க்காமல் மூன்று மாதம் இழுத்தடித்தது' என்று எழுதியிருந்தார். அவராவது கண்ணால் பார்த்ததை எழுதியிருந்தார். மற்ற பாவமெல்லாம் கடல் தாண்டி, காலம் தாண்டி, நம் மேல் ஒரு துளி தெறிக்காத தூரத்தில் நடந்தவை. மன்னிப்புக் கேட்க அதைவிட வசதியான பாவம் கிடைக்காது.

கடைசிச் சீட்டில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது.

'எங்கள் ஊரில் பெரிய தூம்பா எங்கள் தெருவுக்கு வருவதில்லை. சின்னத் தூம்பாவின் அடிப்பலகை உடைந்துவிட்டது.'

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். தூம்பா என்பது கோவிலுக்குச் சொந்தமான பாடை. பல்லக்கு மாதிரி மரத்தில் செய்தது. செத்தவரை அதில் வைத்துத் தோளில் தூக்கி, வீட்டிலிருந்து கோவிலுக்கும் கோவிலிலிருந்து கல்லறைக்கும் கொண்டுபோவார்கள். அடக்கம் முடிந்ததும் தூம்பா திரும்பி வந்து கோவில் கொட்டகையில் அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும். சாவில் எல்லோரும் சமம் என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு என்று எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அந்தச் சமம் இரண்டு அளவில் இருக்கிறது. மேலத்தெருவுக்குப் பெரிய தூம்பா. தேக்கு, நாலு மூலையிலும் சிறகு விரித்த சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், கன்னம் உப்பி. கீழத்தெருவுக்குச் சின்னத் தூம்பா. வேலிக்குக்கூட உதவாத மரம், கொட்டகைக்கு வெளியே தகரத்துக்கு அடியில் கிடக்கும். எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. வழக்கம் என்பார்கள்.

பெரிய தூம்பாவின் பக்கவாட்டில் செதுக்கியிருக்கும் பேர் என் தாத்தாவுடையது. அவர் கோவில் நிலத்துக்குக் காரியக்காரராக இருந்தவர். வெள்ளைக்காரச் சாமியார் வாங்கிப் போட்ட நிலம். நட்டது, அறுத்தது, போர் அடித்தது எல்லாம் கீழத்தெரு. களத்துமேட்டில் குடை பிடித்து நின்றது தாத்தா. தூம்பா தானம் செய்தவர் என்று பேர் வாங்கியதும் தாத்தாதான்.

அந்தச் சீட்டு யார் எழுதியது என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அதை விண்ணப்பத்தில் சேர்க்கவில்லை. 'இது உள்ளூர் விவகாரம், வழிபாடு பொதுவானது' என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதி, சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டேன். செபமாலைக்குப் பக்கத்தில்.

வழிபாட்டில் என் குரல் கணீரென்று இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். சிலுவைப் போருக்காக மன்னிப்புக் கேட்டேன். விஞ்ஞானிக்காகக் கேட்டேன். தங்கத்துக்காகக் கேட்டேன். மூன்றாவது வரிசையில் அந்தச் சீட்டுக்காரர் சூசைராஜ் நின்று, ஒவ்வொன்றுக்கும் மற்றவர்களோடு சேர்ந்து 'ஆண்டவரே, எங்களை மன்னித்தருளும்' என்றார். நான் வாசித்து முடித்துத் தாளை மூடியபோதும் அவர் இன்னும் ஒன்று பாக்கியிருப்பது மாதிரி நின்றுகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கி வந்தேன்.

3

சூசைராஜ் துவாஸில் கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிறவர். நாற்பதைத் தாண்டியவர், பதினாலு வருஷமாக இங்கே விடுதி வாழ்க்கை. முதல் இரண்டு வருஷம் நான் அவருக்கு 'ஸ்டெல்லா அக்கா'. அவர் எனக்கு 'தம்பி, நீங்க'.

இங்கே எங்கள் கோவில் திருவிழாவில் மாதா சுரூபத்தைத் தோளில் சுமக்கும் ஆறு பேரில் அவர் ஒருவர். தூக்குவதற்கு முன்னால் குனிந்து மேடைக்கு அடியில் போய், ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். சாரத் தொழிலில் அப்படிப் பழக்கமாம். தட்டிப் பார்க்காத பலகையில் கால் வைத்தவன் வீடு திரும்ப மாட்டான் என்பார்.

"என்ன தம்பி, மாதா மேல நம்பிக்கை இல்லையா?" என்று நான் ஒரு தடவை கிண்டல் செய்தேன்.

"மாதா மேல இருக்குக்கா. பலகை மேல இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் எந்த ஊர் என்று கேட்டேன். என் ஊரைச் சொன்னார். அடடா, நம்ம ஊரா என்று எனக்கு ஒரே குதூகலம். அடுத்த மூச்சிலேயே என் வாயிலிருந்து வந்துவிட்டது:

"ஊர்ல எந்தத் தெரு?"

இந்த நாட்டில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் இனம் கேட்பார்கள், மதம் கேட்பார்கள், மாடி எண்கூடக் கேட்பார்கள். தெரு கேட்கக் கட்டம் கிடையாது. அந்தக் குறையை நாங்கள் வாயால் நிரப்பிக்கொள்கிறோம்.

"கீழத்தெருங்க" என்றார். "நீங்க பீட்டர் சார் தங்கச்சியா?"

அவ்வளவுதான். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நான் 'மேடம்' ஆகியிருந்தேன். என் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. அது எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. மாறினது சௌகரியமாக இருந்தது என்பது மட்டும் தெரியும். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

4

வழிபாடு முடிந்து ஆறு நாள் ஆகியிருக்கும். சனிக்கிழமை காலை. நான் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன், ரீனா மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"மேடம், சூசைராஜ் பேசறேன். அம்மா இறந்துட்டாங்க. விடியக்காலைல."

லூர்தம்மாள். எனக்கு அந்த அம்மாவைத் தெரியும். கோவில் முற்றம் பெருக்குவார், பூசையில் பின்னால் நின்று பாட்டுக்குக் கூடப் பாடுவார். ஐயோ என்றேன். நிஜமாகவே வருத்தமாக இருந்தது. டிக்கெட் கிடைத்ததா, லீவு கொடுத்தார்களா என்று கேட்டேன். எல்லாம் ஆயிற்று, சாயங்காலம் திருச்சி விமானம், நாளைக்கு மத்தியானம் அடக்கம் என்றார். 

"ஒரு உதவி மேடம். சின்னத் தூம்பா அடிப்பலகை உடைஞ்சு போச்சு. போன மாசம் எங்க சித்தப்பாவைக் கொண்டு போறப்ப பாதி வழில பிச்சுக்கிச்சு. கயித்தால கட்டித்தான் தூக்கிட்டுப் போனாங்க. அதை அம்மா நேர்ல பாத்தாங்க. அன்னிலேருந்து இதே பேச்சுதான். 'என்னையும் இப்படிக் கயித்துல தொங்கவிட்டுக் கொண்டு போயிடாதே சூசை'ன்னு போன்ல தினமும் சொல்லும். பெரிய தூம்பா ஒரு நாளைக்குக் குடுத்தாப் போதும். நீங்க பீட்டர் சார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பாக்கறேன் சூசை" என்றேன்.

தமிழில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் பார்க்க வந்தவர்களும், கடன் கேட்கப்பட்டவர்களும், தாலுகா ஆபீஸ்காரர்களும் சொல்வார்களே, அதே 'பாக்கறேன்'. அவருக்கும் புரிந்தது.

"சரிங்க மேடம். அந்தச் சீட்டு என்னோடதுதான். வாசிக்காதப்பவே எனக்குத் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரீனா பேனாவை மூடினாள். "எந்தச் சீட்டு?"

சொன்னேன். தூம்பா என்றால் என்ன, தெரு என்றால் என்ன, தாத்தா யார், எல்லாம். இருபது வருஷம் அவளுக்கு நான் சொல்லாமல் வைத்திருந்த ஊர் அது. அவளுக்குச் சொன்ன ஊரில் ஆறும், மாதா தேரும், கிறிஸ்துமஸ் குடிலும் மட்டும்தான் இருந்தன.

முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "டெலஸ்கோப் அங்கிளுக்கு ஸாரி சொன்னீங்க. ஹி இஸ் டெட் ஃபார் ஃபோர் ஹண்ட்ரட் இயர்ஸ். இவங்க இன்னிக்குக் காலைலதாம்மா செத்தாங்க."

மாவுக் கையைக் கழுவினேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, முதலில் ரீனா மேல், பிறகு எங்கள் அண்ணன் மேல், கடைசியாக யார் மேல் வர வேண்டுமோ அந்த ஆள் மேல், என் மேலேயே.

5

இங்கே மணி பத்து, ஊரில் ஏழரை. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கட்டுரை முடிஞ்சிருச்சா?" என்றார் எடுத்ததும்.

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் இருமினார். "அது சாமியார் முடிவு பண்ணனும்மா. தூம்பா கோவில் சொத்து. நான் யாரு?"

ஊர்ப் பங்குச் சாமியாருக்குப் போட்டேன். புதிதாக வந்த சின்ன வயதுக்காரர். மெல்லிய குரலில் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்லைங்கம்மா. ஆனா கமிட்டி ஒத்துக்கணும். நான் வந்து எட்டு மாசம்தான் ஆகுது." கமிட்டித் தலைவரும் எங்கள் அண்ணன்தான். மறுபடி அவருக்கே போட்டேன்.

"ஜூபிலிக்காக இப்பத்தான் தங்கப் பெயின்ட் அடிச்சிருக்கோம் ஸ்டெல்லா. சம்மனசுக்கெல்லாம் புதுசா கண்ணு எழுதியிருக்கு."

"சாவு எடுக்கத்தானே பெயின்ட் அடிச்சீங்க?"

"அவங்க தெரு குறுகல். உள்ளே திரும்பாது."

"தண்ணி லாரி திரும்புதே அண்ணே, போன வாரம் நீங்கதானே வீடியோ அனுப்பினீங்க?"

"இங்க பாரு, கமிட்டிக்கு ஆட்சேபனை இல்லைன்னே வை. ஆனா தானம் குடுத்த குடும்பம் சம்மதிக்கணும். அது ஒரு மரியாதை."

"குடுத்த குடும்பம் நாமதானே?"

"ஆமா."

"அப்ப நான் சம்மதிக்கிறேன்."

"நீ கட்டிக் குடுத்துப் போனவ. உனக்கு அதுல பேச்சில்ல."

இங்கே எந்த அலுவலகத்திலும் மூன்று கவுண்டருக்கு அலைய விடுவார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவது கவுண்டரில் நீ பெண், உனக்குப் பேச்சில்லை என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. பட்டுச்சேலை போட்டோவுக்கு நான் அந்தக் குடும்பம், தூம்பாவுக்கு மட்டும் வேற்றாளா? சரிதான் போங்கள் என்று போனை வைத்தேன்.

நான் செயலாளர் அல்லவா? தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். விழாவுக்கென்று இருநூறு பேரை வைத்து அண்ணன் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் போட்டேன்:

'பெரிய தூம்பாவைக் கோவிலுக்குக் கொடுத்தவரின் பேத்தியாகிய நான், கீழத்தெரு லூர்தம்மாளின் நாளைய அடக்கத்துக்கு அதைக் கொடுக்க மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன். ஆட்சேபனை உள்ளவர்கள் தங்கள் பெயரையும் காரணத்தையும் இன்று மாலைக்குள் இதே குழுவில் எழுத்து மூலம் தெரிவிக்கவும். பதில்களை அப்படியே விழா மலருக்கான என் கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறேன்.'

நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். வாயால் வானம் வரைக்கும் பேசுவார்கள். பேர் போட்டு எழுதச் சொன்னால் பேனாவில் மை இருக்காது. நீலக் குறிகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒருத்தர் மட்டும் ரோஜாப்பூ படத்தோடு 'இனிய காலை வணக்கம்' போட்டார். வேறு சத்தமே இல்லை. அந்த இருநூறு பேரைக் கீழே உருட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கீழத்தெருவிலிருந்து ஓர் ஆள்கூட அந்தக் குழுவில் இல்லை. இத்தனை மாதமாக நான் அதைக் கவனிக்கவே இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சின்னச் சாமியார் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினார்: 'சாவி என்னிடம் இருக்கிறது. காலையில் கொட்டகையைத் திறந்துவிடுகிறேன்.' சூசைராஜ் அப்போது சாங்கி விமான நிலையத்தில் இருந்தார். அவருக்குச் சொன்னேன். 'சரிங்க மேடம்' என்று பதில் வந்தது.

அண்ணன் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. குழுவிலிருந்து என்னை நீக்கவும் இல்லை. நீக்கினால் ஏன் என்று யாராவது கேட்பார்களே.

6

லூர்தம்மாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரிய தூம்பாவில் போனார். மேலத்தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்ததாம், வெயிலுக்காக. மறுநாள் கமிட்டி கூடி, தூம்பாவைக் கழுவித் துடைத்து, விழா வருவதால் புதிதாக ஒரு தரம் மந்திரிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. விழாவுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. காரணம் என்னவோ விழாதான்.

அடுத்த வாரமே மேலத்தெருப் பெரிய வீட்டுச் சவரிமுத்து மாமா காலமானார். கமிட்டியின் முன்னாள் தலைவர். லூர்தம்மாளுக்குத் தூம்பா போனதைக் கேட்டுக் காலம் கெட்டுப்போச்சு என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவராம். அவர் சாவு ஊர்வலத்தின் வீடியோ குழுவுக்கு வந்தது. பாண்டு வாத்தியம், குடை, கழுவி மந்திரித்த பெரிய தூம்பா, பளபளவென்று சம்மனசுகள். 'நம் பாரம்பரியம் வாழ்க' என்று கீழே எழுதியிருந்தார் அண்ணன். நானும் கை கூப்பும் படம் ஒன்று போட்டேன். செத்தவரோடு என்ன சண்டை.

இரண்டு வாரம் கழித்துச் சூசைராஜ் திரும்பி வந்தார். பூசை முடிந்து தேக்கா சந்தையில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். உள்ளதை உள்ளபடி சொல்வதென்றால், அவர் கண் கலங்குவார், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டிய நானே நன்றிக்குக் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாம் நல்லபடியா நடந்துச்சா?" என்றேன். "நீங்க" என்று சொல்ல வாயைப் பழக்கிக்கொண்டு வந்திருந்தேன். "நீங்க நினைச்ச மாதிரி?"

"தூம்பா வந்துச்சு மேடம்." தேநீரை ஆற்றினார். "ஆனா அதுலயும் அடிப்பலகை உளுத்துப் போயிருந்துச்சு."

"எதுல?"

"பெரிய தூம்பாவுலதான். கொட்டகைலேருந்து எடுத்ததும் அடியில போய்த் தட்டிப் பாத்தேன். தொம் தொம்னுச்சு. விரலை அழுத்தினா உள்ள போகுது. பூராக் கரையான். மேல தங்கப் பெயின்ட் அடிச்சவங்க அடியில யாரும் குனிஞ்சு பாக்கல போல. இத்தனை வருஷம் எப்படித் தாங்குச்சோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? அம்மாவுக்கு வாக்குக் குடுத்தாச்சே. அம்மா படுத்திருந்த கட்டிலைப் பிரிச்சேன். நான் இங்க வந்து மொதச் சம்பளத்துல வாங்கிக் குடுத்த கட்டில், நல்ல வேப்பம் பலகை. உளுத்ததைக் கழட்டிப்போட்டுட்டு அந்தப் பலகையை அளவா அறுத்து, நாலு பக்கமும் போல்ட்டு போட்டு முடுக்கினேன். அதுக்கு மேலதான் அம்மா போச்சு. ஆடாம அசையாம."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன். சவரிமுத்து மாமாவின் வீடியோ கண் முன்னால் ஓடியது. பாண்டு வாத்தியம், குடை, பாரம்பரியம் வாழ்க, அவருக்கு அடியில் லூர்தம்மாளின் கட்டில் பலகை. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து மேசைச் சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. இப்போதுதானா இந்தக் கீழத்தெருப் பலகை? தாத்தா குடை பிடித்து நின்ற களத்துமேட்டிலிருந்தே நாங்கள் எல்லோரும் அதன் மேல்தானே படுத்திருக்கிறோம். அருளப்பன் சார் கேட்டாரே, நான் பிறக்கவே இல்லை, எதற்கு மன்னிப்பு என்று. அவர் கதை எனக்குத் தெரியாது. என் கதைக்கு இதுதான் பதில்.

"அடக்கம் முடிஞ்சதும் பலகையைக் கழட்டி எடுத்துக்கலையா?" என்று கேட்டேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எப்படிங்க எடுக்கறது? எடுத்தா அடுத்து வர்றவங்க கீழ விழுந்துடுவாங்கல்ல?"

கைப்பையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். "நான் இதை வாசிச்சிருக்கணும். வாசிக்காதது தப்பு. என்னை மன்னிச்சிருங்க" என்றேன். முப்பது பேர் முன்னால் கணீரென்று வந்த குரல் ஒருத்தர் முன்னால் கரகரத்தது.

அவர் சீட்டைப் பார்த்தார், எடுக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார்.

"ஊர் மலருக்கு எழுதணும்னு அண்ணன் கேட்டிருக்கார். இதை எழுதட்டுமா?" என்றேன். "பேரோட எழுதினா உங்க வீட்டு ஆளுங்களுக்கு அங்க ஏதும் பிரச்சினை வருமா?"

அவர் துவாஸ் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

"எழுதுங்க மேடம்" என்றார். "பலகையை நான் திருப்பிக் கேக்க மாட்டேன்னும் சேத்து எழுதுங்க. இல்லாட்டி அவங்க பயந்துக்குவாங்க."